மணல் திட்டில் ஐந்து மணித்தியாலம்

பாலையூற்று,
திருகோணமலை.
17.02.2025

அன்புள்ள ஜமால்தீன் நானா,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முதல் பக்கத்தையாவது வாசியுங்கள். விசயம் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே அதையும் வாசியுங்கள்.

உங்களுக்குப் பலமுறை போன் எடுத்தேன். எடுத்தவுடனே ஓய்ந்துவிடுகிறது. என் அக்காவின் மகன் பிரதீபன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, அவர் உங்களை புளொக் பண்ணி வைச்சிருக்கிறார்" என்றான். அப்படி ஒரு வசதி இருப்பது முந்தியே தெரிந்திருந்தால் நானும் சிலபேருக்குச் செய்திருப்பேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கடிதம்தான் சரி. போனில் கதைத்தால் இரண்டாவது நிமிடத்தில் ஒரு பகிடியை விட்டுவிட்டு நழுவிவிடுவேன். மூதூருக்கும் டவுனுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒரே லோஞ்சில் இருபத்திரண்டு வருசம் நீங்கள் மேலே சுக்கான் பிடித்தீர்கள், நான் கீழே எஞ்சினோடு கிடந்தேன். என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

பிரதீபன் இப்போது சோமசேகரத்திடம் வேலை செய்கிறான். உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் டொல்பின் காட்டுகிறவர். அவர் உங்களைச் சுக்கானியாக வரச்சொல்லிக் கேட்டதாகவும், நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டதாகவும் சொன்னான். "ஏன் மாமா, அவருக்குக் கடல் வெறுத்துப் போச்சோ?" என்று கேட்டான். அன்று மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். மீன் குழம்பில் ஏதும் பிழையோ என்று மனைவி மக்டலின் கேட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும் நானா. உங்கள் சேவைப் பதிவில் ‘கவனயீனம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்கு வரவேண்டிய சொல். இதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதியாவது விடுகிறேன்.

2010 ஆகஸ்ட். மூதூரிலிருந்து முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அதில் ஒரு கலியாண வீட்டார் கருப்பட்டி வாசம் வீசுகிற வட்டிலப்பத் தட்டுகளோடு இருந்தார்கள். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் நின்றது. டீசல் இல்லை. காலையில் தாங்கியைப் பார்க்கவேண்டியவன் நான். அந்த நேரம் தேநீர்க் கடையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று எங்களைக் கட்டைபறிச்சான் பக்கத்து மணல் திட்டில் கொண்டுபோய் ஏற்றியது. மணலில் ஏறியதால்தான் எஞ்சின் நின்றது என்று ஆட்கள் நினைத்தார்கள். மூன்று மணித்தியாலம் கிடந்தோம். பிள்ளைகள் பசியில் அழ, கலியாண வீட்டார் வட்டிலப்பத்தை எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார்கள்.

விசாரணையில் நீங்கள், "எஞ்சினில பிழையில்லை, நான்தான் கரைக்குக் கிட்டவா எடுத்திட்டன்" என்றீர்கள். என் பெயரில் ஏற்கனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். மக்டலினுக்கு ஒப்பரேசன் முடிந்து இரண்டு கிழமை. நான் உங்கள் பக்கத்தில் நின்று என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வரவேண்டிய தலைமைச் சுக்கானிப் பதவி வேறொருவருக்குப் போனது.

அதோடு விட்டிருந்தால் நான் கோழை மட்டும்தான். மூன்று வருசத்துக்கு முன் நீங்கள் ஓய்வு பெற்ற பிரியாவிடையில் மைக்கை என் கையில் தந்தார்கள். நானா வட்டிலப்ப வாசத்துக்குத் திரும்பிப் பார்த்தபடியே சுக்கானைப் பிடித்தார், லோஞ்சு மணலில் ஏறிப் படுத்துவிட்டது என்று சொன்னேன். நாற்பது பேர் சிரித்தார்கள். பல வருசமாக அங்கேயும் இங்கேயும் சொல்லிச் சொல்லி, அப்படித்தான் நடந்தது என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போன பிறகுதான், யாருடைய கதையை யார் முன்னால் சொன்னேன் என்று விளங்கியது.

சோமசேகரத்திடம் போய் உண்மையைச் சொல்ல அனுமதி தாருங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். மன்னிப்பு உங்களுக்கு வசதிப்படும்போது.

அல்பிரட்


கிண்ணியா.
24.02.2025

திரு. அல்பிரட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மூன்று மணித்தியாலம் அல்ல, ஐந்து. முப்பத்தெட்டுப் பேர் அல்ல, நாற்பத்தொரு பேர். மடியில் இருந்த பிள்ளைகளை நீங்கள் எண்ணவில்லை. மன்னிப்புக் கேட்கிறவர் நடந்ததையாவது சரியாக எழுதவேண்டும்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்களுக்கு மூன்றாவது வரிசை தெரிந்திருக்காது. அதில் என் மனைவி ஸல்ஹா இருந்தாள். முதலில் சிரித்தவள் அவள்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அந்தக் கதையைத் தன் தங்கச்சிமாருக்கும், மகள் றிஷானாவின் மாமியாருக்கும் சொன்னாள். பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் வட்டிலப்பத்தைக் கொண்டுபோய் எனக்கு எட்டாத பக்கமாக வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வேறென்ன செய்வது?

சோமசேகரத்திடம் நீங்கள் போகத் தேவையில்லை. நான் ஏன் எழும்பி வந்தேன் என்பது என் சொந்த விசயம். போகவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுகிறேன்.

ஜமால்தீன்

மக்டலினுக்குச் சீனி வருத்தம் இப்போது எப்படி? இதை உங்களுக்காகக் கேட்கவில்லை.


பாலையூற்று.
03.03.2025

அன்புள்ள நானா,

மக்டலினுக்குச் சீனி குறைந்திருக்கிறது. என்னோடுதான் கோபம் கூடியிருக்கிறது. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

சோமசேகரத்திடமும் போய்விட்டேன். உங்கள் கடிதம் பிந்திக் கிடைத்தது என்று எழுத நினைத்தேன். இல்லை. வியாழக்கிழமை கிடைத்தது, வாசித்தேன், வெள்ளிக்கிழமை போனேன். இனி உங்களுக்குப் பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அவர் இறங்குதுறையில் கயிறு சுற்றிக்கொண்டு நின்றார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கயிற்றை வைக்காமலே கேட்டார். பிறகு, "அல்பிரட், நான் அவரிட்ட ரெக்கோட் கேக்கேல்லையே" என்றார். "விடியக்காலமை அஞ்சு மணிக்கு வர ஏலுமோ எண்டுதான் கேட்டனான். மனிசன் முகம் கறுத்து எழும்பிப் போட்டுது. நான் ஏதோ மரியாதைக் குறைவாக் கதைச்சிட்டன் எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான்."

கேட்டீர்களா நானா? ஒருவரும் கேட்காத கேள்விக்கு நீங்கள் எழும்பி வந்திருக்கிறீர்கள். உங்கள் இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. மே மாதம் தொழில் தொடங்கும்வரை பொறுப்பாராம்.

இன்னொன்றும் நடந்தது. அவருடைய இரண்டு படகுகளின் எஞ்சினையும் நான்தான் மாதாமாதம் பார்த்துவந்தேன். "பிழை எல்லாருக்கும் வரும். டீசல் பாக்காமல் விட்டதை நான் பெரிசா எடுக்கமாட்டன். ஆனா பதினைஞ்சு வருசம் அதை வேற ஆளின்ர தலையில வைச்சிருந்தனீங்கள். ஆக்களை ஏத்துற படகு. இனி எஞ்சினுக்கு நான் சீனன்குடா கஜீபனைப் பிடிக்கிறன். குறை நினைக்காதேங்கோ" என்றார். குறை நினைக்க என்ன இருக்கிறது? ஓம் என்று சொல்லிவிட்டு, எஞ்சின் கழற்றுகிற என் சாவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெட்டி பாரம்தான். ஆனால் கன நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து வந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

அடுத்தது ஸல்ஹா மதினி. அவவிடம் நான் சொல்லவேண்டும். அவவை நினைத்தால் சோமசேகரம் ஒரு பொருட்டே இல்லை.

அல்பிரட்


கிண்ணியா.
14.03.2025

அல்பிரட்,

போகவேண்டாம் என்று எழுதினால் அடுத்த நாளே போகிற ஆள் நீ. எஞ்சினை மெதுவாக்கு என்று மணி அடித்தாலும் அப்படித்தான் செய்வாய்.

உன் வேலை போனது எனக்குச் சந்தோசமில்லை. முதலில் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை நோன்பு திறக்கும்வரை வைத்திருந்தேன். பிறகு பேரீச்சம்பழத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டது. இனி நான் எழுதப்போவதை ஆறுதலாக வாசி.

மூதூரில் புறப்பட முன், பத்து மணிக்கு டவுனுக்குப் போய்ச் சேர ஏலுமா, நிக்காஹ்வுக்கு நேரமாச்சு என்று கலியாண வீட்டார் கேட்டார்கள். "என்ர லோஞ்சில ஏறினா நேரத்தைப் பத்தி யோசிக்கவேணாம்" என்று நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். கயிற்றை அவிழ்க்க முன் எஞ்சின் ஆளிடம் மூன்று கேள்வி கேட்பது என் வழக்கம். டீசல், தண்ணீர், எண்ணெய். இருபது வருசமாக ஒருநாளும் கேட்காமல் விட்டதில்லை. அன்று நீ பிந்தி ஓடி வந்து ஏறினாய். கேட்டால் நீ கீழே இறங்கிப் பார்ப்பாய், பத்து நிமிடம் போகும். நான் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

ஆகவே விசாரணையில் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழுத் தியாகமும் இல்லை. ஆனால் உனக்காகத்தான் எல்லாப் பழியையும் ஏற்றேன் என்று உன்னை நினைக்கவிட்டேன். நீ என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாய். அது எனக்குப் பிடித்திருந்தது. என்னை நானே பெரிய மனிசனாக நினைத்துக்கொண்டு பன்னிரண்டு வருசம் அதில் சாய்ந்து இருந்துவிட்டேன். பிரியாவிடையில் நீ அந்தக் கதையைச் சொன்னபோது ஏன் அவ்வளவு சுட்டது தெரியுமா? கலியாண வீட்டுக்காரருக்கு முன்னால் பெருமை காட்டப்போய்த்தான் லோஞ்சு மணலில் ஏறியது. உனக்கே தெரியாமல் நீ பாதி உண்மையைச் சொல்லிவிட்டாய்.

கைசேதம் என்பது நமக்குச் செய்யப்பட்டதை நினைத்து வருகிற மனவருத்தம் என்றுதான் இவ்வளவு காலம் இருந்தேன். இந்த நோன்பில் யோசித்துப் பார்த்தால், என் கைசேதம் மணல் திட்டு இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்த இந்த மூன்று வருசம்தான். போன வருசம் மக்டலின் சீனி வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாசல் வரை வந்தேன். உன்னை யன்னலில் கண்டுவிட்டுத் திரும்பிப் போனேன். அது உனக்குத் தெரியாது.

ஸல்ஹாவிடம் நானே சொல்லப் பார்த்தேன். இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டு முடித்துவிட்டேன். பெருநாள் முடிந்து வா.

புளொக்கை எடுக்க எனக்குத் தெரியாது. அதைப் போட்டுத் தந்தது றிஷானா. எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

ஜமால்தீன்


பாலையூற்று.
21.03.2025

நானா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மக்டலின் ஒருதரம் வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான்" என்று சொல்லிக் கையில் தந்தாள்.

கேட்டிருந்தாலும் அன்று நான் பார்க்காமலே ‘இருக்கு’ என்று சொல்லியிருக்கக்கூடும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் மூன்று, வியாழன், காலை பத்து மணி பஸ்ஸில் வருவேன். மதினி கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிகிறவவா, இல்லையா? எந்தக் கதிரையில் இருப்பது என்று முடிவெடுக்கத்தான் கேட்கிறேன்.

அல்பிரட்


கிண்ணியா.
08.04.2025

அல்பிரட்,

நீ வந்த அன்று ஸல்ஹா என்னை ஏன் தேசிக்காய் வாங்கக் கடைக்கு அனுப்பினாள்? வீட்டில் எட்டுத் தேசிக்காய் இருந்தது. நான் திரும்பி வர நீ செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய், அவள் கலண்டரின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்து நாளாகிறது. சோறு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, கதை இல்லை. "அல்பிரட் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன். "அவருட்டயே கேளுங்க. நீங்க ரெண்டு பேரும்தானே கடிதம் எழுதுற ஆக்கள்" என்றாள். ஆகவே கேட்கிறேன். ஒன்றையும் விடாமல் எழுது.

ஜமால்தீன்


பாலையூற்று.
13.04.2025

அன்புள்ள நானா,

நீங்கள் படலையைத் தாண்டியதும் மதினி குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தா. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் பகிடி வந்துவிடும் என்ற பயம். டீசல், கிரிக்கெட், விசாரணை, சப்பாத்து, மைக் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதிய அந்த மூன்று கேள்வி விசயத்தைச் சொல்லவில்லை. அது உங்களுடையது.

அவ அடுப்பை நிறுத்திவிட்டு, "முடிஞ்சிதா?" என்று கேட்டா.

"ஓம் மதினி."

"பதினஞ்சு வருசம் நான் அந்த மனிசன் ஓட்டுற தோணி ஒண்டிலயும் ஏறல்ல அல்பிரட் தம்பி. மூதூருல என்ர வாப்பாட ஊட்டுக்குப் போறண்டாலும் பஸ்ஸிலதான் போனன். அவரு கேக்கக்குள்ள தலை சுத்துது எண்டு பொய் சொன்னன். கவனமில்லாத மனிசன், என்னையும் மணலில ஏத்திருவாரு எண்டு நினைச்சன். ஆக்கள் சிரிக்கக்குள்ள நானும் சிரிச்சன். அவரு ஒரு சொல்லுச் சொல்லல்ல. நீங்களும் சொல்லல்ல. இப்ப நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மன்னிப்புக் கேட்டு முடிஞ்சிது. என்னட்ட யாரு கேக்கிற?"

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை நானா. அறுபத்தொரு வயதில் முதல் தரம். உங்களை ஏமாற்றினேன், கந்தோரை ஏமாற்றினேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மதினி ஏறாமல் விட்ட தோணிகளை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. "உங்களிட்டத்தான் முதல்ல கேட்டிருக்கவேணும்" என்றேன். கேட்டேன்.

அவ கலண்டரைக் கழற்றினா. "நாப்பது பேருக்கு முன்னால சொன்னீங்க. நாப்பது பேருக்கும் திருப்பிச் சொல்லுங்க. மறக்காம இருக்கப் பேரெழுதித் தாறன்" என்று முப்பத்தேழு பெயர் எழுதினா. மூன்று பேர் காலமாகிவிட்டார்கள், அவர்களை விட்டுவிட்டா. உங்கள் மனைவியின் ஞாபகசக்தி பயங்கரமானது.

இதுவரை பதினாறு பேரிடம் போய்விட்டேன். கப்பல்துறையில் மூவர், கந்தளாயில் இருவர், மற்றவர்கள் டவுனில். உண்மைக் கதைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தோரில் ரைப் அடித்த புஸ்பராணி அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "பழைய கதைதான் தம்பி நல்லா இருந்தது. இதில சிரிக்க ஒண்டுமில்லையே" என்றா. பிறகு, "அந்த மனிசனை நான் கண்ட இடமெல்லாம் வட்டிலப்பம் எண்டு கூப்பிட்டனான்" என்று சொல்லி எழும்பி உள்ளே போய்விட்டா. வெளியே வர நேரமெடுத்தது.

பெரிய வியாழனுக்கு முன் மிச்சப்பேரை முடிக்கப் பார்க்கிறேன். நீங்கள் மதினியிடம் உங்கள் பங்கைச் சொல்லுங்கள். உப்பைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

அல்பிரட்


கிண்ணியா.
05.05.2025

அல்பிரட்,

சொன்னேன். உன் கடிதம் வந்த அன்று, அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, கொடியின் இந்தப் பக்கம் நின்று சொன்னேன். பிழை அல்பிரட்டுடையது மட்டும் இல்லை, நான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை, பெருமைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன், பிறகு அவளையும் சிரிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. காயப்போட்ட ஒரு சாரத்துக்கு அந்தப் பக்கம் அவள் நின்றதால் முகம் தெரியவில்லை.

"இனிக் கேப்பீங்களா?" என்றாள்.

"கேப்பன்."

"சரி" என்று சொல்லி அடுத்த உடுப்பை உதறினாள். நான் ஒரு மணித்தியாலமாவது பேச்சு வாங்குவேன் என்று எதிர்பார்த்திருந்தேன்.

நேற்று முதல் ஓட்டம். நான் நாலரைக்கே போய் நின்றேன். சோமசேகரம் எனக்குப் பின்னால்தான் வந்தார். கஜீபனிடம் மூன்று கேள்வியும் கேட்டேன். அவன் மூன்றுக்கும் இருக்கு என்றான். நானும் இறங்கிப் பார்த்தேன். அவனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பழகிவிடுவான். வேலை தெரிந்த ஆள். ஆனால் எஞ்சினோடு கதைக்கத் தெரியாது, நீ திட்டுகிற மாதிரி அவன் திட்டுவதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் படகு வெறிச்சென்று இருந்தது.

ஸல்ஹா கரையில் நின்று பார்க்கப்போவதாகச் சொல்லித்தான் கூட வந்தவள். குடையும் தண்ணீர்ப் போத்தலும் கையில். பயணிகள் பதினொரு பேர் ஏறினார்கள். மடியில் இருந்த பிள்ளையையும் எண்ணினேன். கயிற்றில் கை வைக்கும்போது அவள், "கொஞ்சம் பொறுங்க" என்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிரதீபன் கை கொடுக்க ஏறினாள். பாதுகாப்பு அங்கி ஒன்றைக் கொடுத்தான். இன்னொன்று கேட்டாள். ஒன்று போதும் மாமி என்று அவன் சொல்ல, போதுமா என்று சோமசேகரத்திடம் போய் உறுதி செய்துகொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு.

பின்னுக்கு என் பக்கத்தில் வந்து இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. நேரே முன் அணியத்தில் போய் இருந்தாள். துறைமுக வாயைத் தாண்டியதும் அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். இடது பக்கம் டொல்பின் வர, ஆட்கள் எழும்பி ஓடினார்கள். சோமசேகரமே ஒருதரம் சுக்கானை எட்டிப் பார்த்தார்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் லோஞ்சில் ஏறினால் நிமிடத்துக்கொருதரம் திரும்பி, நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா என்று பார்க்கிறவள் அவள். நேற்று இரண்டரை மணித்தியாலம் கடலில் நின்றோம். முந்தானை பறக்க, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரைக்கு வரும்வரை அவள் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜமால்தீன் நானா